யாவை என்று கேட்காதவர்

"உங்க பிள்ளைக்கு முழிச்சிருக்கும்போது வருதா, தூக்கத்துல வருதா?"

என் பெயர் என்ன, எந்த ஊர், என்ன ஜோலி, எதையும் கேட்கவில்லை. தென்காசியில் அந்தக் குழந்தைகள் கிளினிக்கின் நீளப் பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தூங்கிக்கொண்டிருந்த மகனை மடியில் கிடத்திக்கொண்டு, முந்தானையால் கழுத்தைத் துடைத்தபடியே அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் மகளுக்குப் பிட்ஸ், அதாவது வலிப்பு, வந்ததை நான் அதுவரை கூடப் பிறந்த தம்பியிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் காய்ச்சல் என்று சொல்லி வைத்திருந்தேன்.

"காய்ச்சலுக்கு வந்திருக்கோம்" என்றேன்.

"சரி அண்ணாச்சி. காய்ச்சல் முழிச்சிருக்கும்போது வருதா, தூக்கத்துல வருதா?"

என்னை அடுத்து உட்கார்ந்திருந்த என் மகள் சிரித்துவிட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததிலிருந்து ஒருமுறைகூடச் சிரிக்காத பெண். எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். நான் அவளுக்குப் பிடித்த மிக்சர் வாங்கிக் கொடுத்துப் பார்த்திருந்தேன், புதுச் சைக்கிள் வாங்கித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு, சைக்கிள் ஓட்டலாமா என்ற பயத்தில் அந்தப் பேச்சை அப்படியே விட்டும் பார்த்திருந்தேன். எதற்கும் வராத சிரிப்பு, யாரோ ஒருத்தர் வந்து உட்கார்ந்த நிமிஷத்தில் வந்துவிட்டது. அந்தப் பெஞ்சிலேயே எனக்கு அவர்மேல் பொறாமை தொடங்கிவிட்டது.

அவர் இலத்தூர்க்காரர். கணவர் ராணுவத்தில் இருந்தார். ஒரே பையன், ஒன்றாம் வகுப்பு. அவனுக்குத் தூக்கத்தில்தான் வரும். அவருடைய பெயர் எனக்குக் கடைசிவரை தெரியாது. கிளினிக்கில் எல்லாருக்கும் அவர் இலத்தூரம்மா. என் மனைவிக்கு மதினி. என் மகளுக்கு அத்தை. பத்திரம் எழுதுகிறவன் நான். வருகிறவர்களிடம் பெயர், தகப்பனார் பெயர், கதவு எண் எல்லாம் கேட்ட பிறகுதான் பேனாவைத் திறப்பேன். அவரிடம் மட்டும் பெயரைக் கேட்கத் தோன்றவே இல்லை. கேட்பது அவர் வேலை என்று ஆகிவிட்டிருந்தது.

என் மகள் விழுந்தது ஒரு காலை நேரம். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக் கண்ணாடி முன்னால் தலைசீவிக்கொண்டிருந்தாள். முதலில் சீப்பு விழுந்த சத்தம் கேட்டது. பிறகு அவள் விழுந்த சத்தம். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது கண் மேலே செருகியிருந்தது, கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. பி.ஏ. படித்தவன், நாலு பேர் என்னிடம் சட்டம் கேட்க வருவார்கள், ஆனாலும் என் கை தானாகப் பீரோ சாவிக்கொத்தை எடுத்து அவள் உள்ளங்கையில் திணித்தது. இப்போதும் வீட்டில் எது கீழே விழுந்தாலும் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவேன். "என்னப்பா" என்று அடுத்த அறையிலிருந்து சத்தம் வந்த பிறகுதான் எனக்கு மூச்சு வரும். டம்ளர் விழுந்தாலும் இதே கதைதான்.

அதற்குப் பிறகு நான் குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றிப் போட்டேன். அவள் உள்ளே இருக்கும்போதெல்லாம் வாசலில் நின்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பேன். மாடிப்படி ஏறக் கூடாது என்றேன். சன்னல் ஓரம் உட்காரக் கூடாது. அருவிப் பேச்சே கூடாது. எங்கள் தெருவில் குற்றாலச் சாரல் வந்து விழும். சீசன் காலத்தில் பிள்ளைகள் எல்லாம் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு டவுன்பஸ் ஏறுவார்கள். இவள் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பாள்.

இதிலெல்லாம் என்னை உறுத்தியது ஒன்றுதான். அவள் சின்ன வயதிலிருந்தே என்னைத் துளைத்து எடுப்பவள். பல்லிக்கு ஏன் வால் துடிக்கிறது, கேரளா பஸ் ஏன் வேற கலர், பத்திரத்தில் ஏன் வடக்கு தெற்கு எல்லாம் எழுதுகிறீர்கள். விழுந்த நாளோடு அது நின்றுபோயிற்று. நான் கேட்டால் பதில் சொல்வாள். தானாக ஒன்றும் கேட்க மாட்டாள். என் பெண் திரும்ப என்னிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்பதுதான் அப்போது எனக்கு இருந்த ஒரே ஆசை. டாக்டரிடம்கூட அதைச் சொல்ல வெட்கப்பட்டேன்.

இலத்தூரம்மாவுக்கு வெட்கம் என்ற ஒன்று கிடையாது. ஒரு கேள்வி மனதில் வந்துவிட்டால், பதில் வாங்காமல் அவரால் தண்ணீர் குடிக்க முடியாது. "மாத்திரைய புரோட்டா சால்னாவோட முழுங்கலாமா டாக்டர்?" என்று கேட்பார். "இவன் தல பெருசா இருக்கே, அதனாலயா?" என்று கேட்பார். "டாக்டர், நீங்க ஏன் கல்யாணம் முடிக்கல?" என்றும் ஒரு தடவை கேட்டார். எங்கள் டாக்டரம்மா வயதில் சின்னவர், பொறுமைசாலி. "பையனுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்றார். "சம்பந்தம் ஒண்ணும் இல்ல. கேட்டுட்டேன், இனிமே மனசுல நிக்காதுல்லா" என்றாராம். இதை அவரே வெளியே வந்து பெஞ்ச் முழுக்கச் சொல்லிக்கொண்டு போனார்.

தன் கேள்வி போதாதென்று மற்றவர்கள் கேள்வியையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போவார். "உள்ள போனதும் எல்லாருக்கும் மறந்து போவும். எங்கிட்ட சொல்லுங்க, நான் கேட்டுட்டு வாரேன்." ஆலங்குளத்திலிருந்து ஒரு தகப்பனார் வருவார். எப்போதும் பையனை முன்னால் விட்டுப் பின்னால் தலையைக் குனிந்து நடப்பவர். அவருக்கு மாத்திரை சாப்பிட்டால் பையன் மந்தமாகிவிடுவானோ என்று பயம். டாக்டரிடம் கேட்டால் மருந்தையே சந்தேகப்படுவதாக நினைப்பாரோ என்று இன்னொரு பயம். இலத்தூரம்மா தன் முறை வந்தபோது அதையும் கேட்டுக்கொண்டு வந்து, பஸ் கண்டக்டர் ஸ்டாப் பெயர் சொல்வது மாதிரி எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். "ஆரம்பத்துல கொஞ்சம் தூக்கம் வரும். ரொம்ப மந்தமா இருந்தா வந்து சொல்லணும். நாமளா நிறுத்தப்பிடாது. நிறுத்துனா திரும்ப வந்துரும். கேட்டியளா ஆலங்குளத்து அண்ணாச்சி?"

டாக்டரம்மாவுக்கே ஒரு நாள் பொறுமை போய்விட்டது. "உங்க பையனுக்குக் கேக்குறீங்களா, ஊருக்கே கேக்குறீங்களா?" கதவு திறந்திருந்ததால் வெளியே எங்களுக்குக் கேட்டது. "ஊரும் வெளியதான டாக்டர் இருக்கு" என்று பதில் வந்தது.

என்னிடமும் கேட்டார். சாவி விஷயத்தை. "இரும்பு குடுத்தியளா அண்ணாச்சி?" நான் மழுப்பினேன். "நான் கரண்டியக் குடுத்தேன். தோசைக் கரண்டி. பதட்டத்துல வேற ஒண்ணும் கைக்குச் சிக்கல. அவனுக்கு நின்ன பொறவு எங்க மாமியா என்னப் பிடிச்சு ஏசுதா. ஏட்டி, அது எவர்சில்வருல்லா, இரும்பு குடுக்கத் தெரியாதான்னு." பெஞ்சே குலுங்கிச் சிரித்தது. என் மகள், "எங்க அப்பா பீரோ சாவி குடுத்தாங்க அத்தை" என்றாள். நான் அவளிடம் அதைச் சொன்னதே இல்லை. அவள் அம்மா சொல்லியிருக்க வேண்டும். "பீரோ தொறந்துச்சாட்டி?" என்று கேட்டார் இலத்தூரம்மா. மறுபடியும் சிரிப்பு. என் வீட்டில் யாரும் தொடக்கூடாத காயமாக இருந்த அந்தச் சாவிக்கொத்து, பெஞ்சில் கைமாறிக்கொண்டிருந்தது.

என் மனைவியும் அவர் பக்கம் போய்விட்டாள். எங்களுக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துப் பிறந்தவள் எங்கள் மகள். ஏன் இவ்வளவு பிந்தியது என்று சொந்தக்காரர்கள் யாராவது கேட்டால் மனைவி எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். "ஏன் மதினி, இவ்வளவு பிந்தி?" என்று இலத்தூரம்மா கேட்டபோது போகவில்லை. மருந்துக் கடை முன்னால் நின்றுகொண்டே ஆதியோடந்தமாக எல்லாம் சொன்னாள். எனக்கே தெரியாத இரண்டொரு விஷயம் அதில் இருந்தது. பிறகு வீட்டில் எதற்கெடுத்தாலும் "இலத்தூர் மதினி சொன்னாவ" என்பாள். நான் அதையே அதற்கு முன்னால் சொல்லியிருப்பேன். அது கணக்கில் வராது.

அவர்மேல் எனக்கு நியாயமான கோபம் வந்த நாளும் உண்டு. மருந்துக் கடையில் கூட்டம். அதில் என் மகள் வகுப்பில் படிக்கும் ஒரு பெண்ணின் தாயார் நின்றிருந்தார். இலத்தூரம்மா தூரத்திலிருந்தே, "ஏட்டி, உன் பிட்ஸ் மாத்திரை வந்துட்டா?" என்று என் மகளிடம் கேட்டார். அவ்வளவுதான். மறுநாள் வகுப்பு முழுக்கத் தெரிந்துவிட்டது. அடுத்த முறை கிளினிக்கில் அவரை ஓரமாகக் கூப்பிட்டு, "இப்படியா நாலு பேர் முன்னால கேக்கிறது? பொம்பளப் பிள்ள. தெரிஞ்சுபோச்சுல்லா" என்றேன்.

"தெரிஞ்சா என்ன ஆவும் அண்ணாச்சி?" என்றார்.

இடக்காகக் கேட்கிறார் என்று நினைத்து முகத்தைப் பார்த்தேன். இல்லை. உண்மையாகவே அவருக்குப் பதில் வேண்டியிருந்தது. நான் ஏதோ சொல்வேன், அதைத் தெரிந்துகொள்ளலாம் என்று நின்றார். அவருடைய கேள்விகளில் குத்தல் இருக்காது. அதனால்தான் அவற்றிலிருந்து தப்பிக்க முடியாது. வகுப்பில் என்ன ஆயிற்று என்றால், விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று இரண்டு பிள்ளைகள் என் மகளிடம் கேட்டிருக்கிறார்கள், இவள் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். அதுவும் எனக்கு மனைவி மூலம்தான் வந்தது.

இந்தச் சமயத்தில்தான் எனக்கு ஒரு வாய்ப்பு கிடைத்தது. கிளினிக் சுவரில் "குழந்தைகளை கவனித்துக்கொள்ளவும்" என்று எழுதியிருந்ததில் ஒரு "க்" விட்டுப்போயிருந்தது. பல நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு டாக்டரம்மாவிடம் சொன்னேன். மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். டாக்டரம்மா, "நீங்க எழுத்து வேலைதான?" என்றார். அவருடைய தம்பி கிளினிக்குக்கு ஒரு வெப்சைட் செய்துகொண்டிருந்தார். போனில் திரும்பத் திரும்ப ஒரே கேள்விகள் வருகின்றன. பிட்ஸ் பற்றிக் கேள்வி பதிலாக ஒரு பக்கம் தமிழில் வேண்டும். பதில்களை அவர் சரிபார்த்துக்கொள்வார். எழுதித் தர முடியுமா?

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கேட்பது யாருக்கும் வரும், எழுதுவது எல்லாருக்கும் வராது. என் மகள் அந்தப் பக்கத்தைப் போனில் படிப்பாள், இதையெல்லாம் எழுதியது அப்பா என்று நினைப்பாள். இலத்தூரம்மாவும் படிப்பார். இப்படியெல்லாம் நினைத்துக்கொண்டு, டாக்டரம்மா கொடுத்த புத்தகத்தைப் படித்துக் குறிப்பெடுத்து, ஒரு பிழை இல்லாமல் எழுதி முடித்தேன். வலிப்பு நோய் என்பது யாது? அதற்கான காரணிகள் யாவை? அதன் வகைகள் யாவை? மேற்கொள்ள வேண்டிய முன்னெச்சரிக்கை நடவடிக்கைகள் யாவை?

டாக்டரம்மா படித்துப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்றார். அதோடு விட்டிருக்கலாம். "வெளிய அவங்ககிட்ட ஒரு தடவை காட்டுங்களேன்" என்றார். யாரிடம் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

இலத்தூரம்மா எழுத்துக் கூட்டிப் படிப்பவர் இல்லை, நன்றாகவே படிப்பார். அதுவும் சத்தமாகப் படிப்பார். பெஞ்சில் இருந்த எல்லாரும் காது கொடுத்தார்கள். மூன்றாவது "யாவை"யில் நிறுத்தினார்.

"இது பரிட்சப் பேப்பருல்லா அண்ணாச்சி."

"கேள்வி பதில்னா இப்படித்தான் இருக்கும்" என்றேன்.

"பிள்ள விழுந்து கெடக்கும்போது போன எடுத்து, யாவைன்னா ஒருத்தி அடிப்பா?" என்று என்னிடம் கேட்டார். பதிலுக்காக நின்றார்.

ஆலங்குளத்துக்காரர் சிரித்தார். தலையைக் குனிந்தே நடக்கும் அந்த மனிதர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். என் மகளும் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், எனக்குத் தெரியக் கூடாது என்று. அது இன்னும் எரிந்தது. ஒரு பத்திரத்தில் ஒரு சொல் மாறினால் ஒரு வீடே கைமாறிவிடும், சொல்லை எப்படி வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாதா என்று ஏதேதோ சொன்னேன். வெப்சைட் என்றால் நல்ல தமிழில்தான் இருக்க வேண்டும் என்றேன்.

"நல்ல தமிழ்லயே பதில் எழுதுங்க, யாரு வேண்டாம்னா? கேள்விய மட்டும் எங்களுக்கு விட்டுருங்க. அது எங்களுதுல்லா."

அப்படித்தான் ஒரு சனிக்கிழமை மத்தியானம், நோயாளிகள் எல்லாரும் போன பிறகு, டாக்டரம்மாவின் அறையில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். என் மகளும் இலத்தூர்ப் பையனும் வெளியே பெஞ்சில். அவர் கேள்வி சொல்ல வேண்டும், டாக்டரம்மா பதில் சொல்ல வேண்டும், நான் எழுத வேண்டும். எழுத்து வேலைக்காரன் கடைசியில் எழுதுகிற வேலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். பெஞ்சில் இருக்கிற ஒவ்வொருவர் முகத்தையும் நினைத்துக்கொண்டு சொல்கிறார் என்று தெரிந்தது. "இழுத்துக்கிட்டு இருக்கும்போது தண்ணி குடுக்கலாமா?" கூடாது, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள். "இரும்பு குடுத்தா நிக்குமா?" இரும்பு கொடுத்ததால் நிற்பதில்லை, பெரும்பாலும் தானாகவே நின்றுவிடும். ஐந்து நிமிஷத்துக்கு மேல் நிற்காவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவாருங்கள். "ஸ்கூல்ல சொல்லணுமா? சொன்னா பிள்ளைய ஒதுக்கிருவாவளோ?" டாக்டரம்மா யோசித்து யோசித்துப் பதில் சொன்னார். "கல்யாணம் ஆவுமா?"

"இதெல்லாம் குழந்தைகள் கிளினிக் பக்கத்துல போட முடியாது" என்றேன்.

"எல்லாருக்கும் மனசுல மொதக் கேள்வி அதான் அண்ணாச்சி. வெக்கமா இருந்தா கடைசில போடுங்க."

டாக்டரம்மா போடச் சொன்னார். ஆகும் என்று பதிலும் சொன்னார்.

பிறகு இலத்தூரம்மா, "தாழ்ப்பாள் போடாம குளிக்கதுக்கு வெக்கமா இருக்கு, என்ன செய்ய?" என்றார்.

என் பேனா நின்றது. அவர் கண்ணைத் திறக்கவில்லை. அடுத்ததையும் சொல்லிவிட்டார். "அருவியில குளிக்கலாமா?"

"இது யார் கேட்டது?" என்றேன்.

எப்போதும் ஆள், ஊர் சொல்லிக் கேள்வி கேட்பவர். ஆலங்குளத்து அண்ணாச்சி கேக்காவ, சுந்தரபாண்டியபுரத்து மதினி கேக்கா என்பார். அன்றைக்குச் சொல்லவில்லை. "ஒரு பிள்ள கேட்டுச்சு" என்றார்.

"எந்தப் பிள்ள?"

"டாக்டர் பதில் சொல்லுதாவ. எழுதுங்க அண்ணாச்சி."

எழுதினேன். தாழ்ப்பாள் போடக் கூடாது என்பது சரிதான். ஆனால் கதவில் "ஆள் இருக்கிறது" என்று ஒரு அட்டை தொங்கவிடுங்கள். வாளித் தண்ணீரில் உட்கார்ந்து குளிக்கட்டும். வாசலில் நின்று கூப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டாம், பெண் பிள்ளையென்றால் அம்மா பக்கத்தில் இருந்தால் போதும், பிள்ளை பாடிக்கொண்டு குளிக்கட்டும், பாட்டு நின்றால் பார்க்கலாம். அருவிக்குப் பொதுவான பதில் கிடையாது, உங்கள் பிள்ளைக்கு எப்படி என்று டாக்டரைக் கேட்காமல் போகாதீர்கள். மாத்திரை தவறாமல் சாப்பிட்டு, நெடுநாள் வராமல் இருந்தால், தண்ணீர் குறைவாக விழுகிற நாளில், நேரே தலை கொடுக்காமல் ஓரமாக, விஷயம் தெரிந்த பெரியவர் ஒருவர் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, இன்னொருவர் பார்வை படுகிற இடத்தில் நின்றால், சிலருக்கு அனுமதிப்பதுண்டு. தடாகத்தில் நீந்துவது கூடவே கூடாது.

என் மகளின் கேள்விக்கான பதிலை என் கையாலேயே எழுதினேன். கேள்வி மட்டும் எனக்கு வரவில்லை. அது ஒரு கதவுக்கு வெளியே, பெஞ்சில், வேறொருவர் காதில் போய்ச் சேர்ந்திருந்தது. எழுதி முடித்து நிமிர்ந்தபோது இலத்தூரம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஏதாவது கேட்டிருந்தால் அன்றைக்கு நான் உடைந்துபோயிருப்பேன். கேட்கவில்லை.

மறுநாள் குளியலறைக் கதவில் அட்டையை மாட்டினேன். எழுத்து அழகாக இருக்க வேண்டும் என்று ஸ்கெட்ச் பேனாவில் எழுதினேன். என் மகளுக்குப் பாட்டு வராது. சுருதி சேராமல் தெருவுக்கே கேட்கும்படி பாடிக்கொண்டு குளித்தாள். மனைவி வாசலில் உட்கார்ந்து காய் நறுக்கினாள். நான் முன்னறையில் பத்திரம் எழுதிக்கொண்டு அந்தப் பாட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

கேள்வி பதில் பக்கம் வெப்சைட்டில் வந்தது. கேள்விகள் எல்லாம் அவர் சொன்னபடியே, "இழுத்துக்கிட்டு இருக்கும்போது தண்ணி குடுக்கலாமா?" என்றே இருக்கும். பதில்கள் என்னுடைய தமிழில். போனில் எல்லாரும் அருவிக் கேள்வியைத்தான் முதலில் தேடிப் படிக்கிறார்கள் என்று டாக்டரம்மா சொன்னார். வெளியூரிலிருந்து சீசனுக்கு வருகிறவர்கள்கூடப் படித்துவிட்டு வந்தார்களாம். அதை எழுதியவர் யார் என்று யாரும் கேட்டதில்லை. "இத யாரு சாமி கேட்டது, எம் மனசுல இருந்ததுல்லா" என்று மட்டும் சொல்லுகிறார்களாம்.

அடுத்த சீசன் முடிகிற சமயம் டாக்டரம்மா சரி என்றார். அந்த ஒரு வருஷமும் பிட்ஸ் வரவில்லை. நான் சந்தோஷப்படுவதற்கு முன்னால் ஒரு விஷயம் உறைத்தது. மெயினருவியில் பெண்கள் பக்கம் தனி. நான் அங்கே போக முடியாது. என் மனைவிக்கு வீசிங், ஈரக்காற்றில் நின்றாலே இழுக்கும், தண்ணீருக்கடியில் போக முடியாது. "எனக்கு இழுத்தா எனக்கும் ஒரு பக்கம் எழுதுவியளா?" என்றாள். யார் கையைப் பிடித்துக்கொள்ளப் போகிறார்கள் என்பது மகளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

ஒரு வாடகைக் காரில் எல்லாரும் போனோம். இலத்தூரம்மா ஒரு பழைய சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, டிரைவரிடம் அவன் சம்பளத்தைக் கேட்டுக்கொண்டு வந்தார். சாரல் விட்டிருந்தது. அருவி மெலிந்து, பாறையோடு ஒட்டி வழிந்தது. பாதுகாப்பு வளைவுப் பக்கம் நின்ற போலீஸ்காரர்கூட விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"கைய விட்டுராதிய" என்றேன்.

"ஏன் அண்ணாச்சி, விடுவேன்னு நெனைக்கியளா?" என்று கேட்டார். வழக்கம்போல் பதிலுக்கு நின்றார்.

"இல்ல" என்றேன். அதற்குப் பிறகுதான் போனார்.

மனைவி துண்டோடு பெண்கள் பக்க வாசலில் நின்றாள். அவளுக்கு மகள் தெரிந்தாள். எனக்குத் தெரிந்தது தடுப்புக் கம்பியும் பெண்களின் முதுகுகளும்தான். இலத்தூர்ப் பையன் என் கையைப் பிடித்துக்கொண்டு நேந்திரங்காய் சிப்ஸ் தின்றான். அவர் மகனை நானும் என் மகளை அவரும் பிடித்துக்கொண்டிருந்தோம். எனக்குக் கிடைத்தது சரியான பங்கு இல்லை என்றே தோன்றியது. தண்ணீர் சத்தத்துக்கு மேலே எங்கேயோ ஒரு பாட்டு கேட்டது. சுருதி சேராத பாட்டு. எனக்குக் கேட்க வேண்டும் என்றுதான் பாடினாளா, குளிக்கும்போது பாடிப் பழகிவிட்டதா தெரியாது. அது கேட்டுக்கொண்டிருந்தவரை நான் கம்பியை விடவில்லை.

திரும்பும்போது இலத்தூரம்மா தூங்கிவிழும் மகனை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில். பின்னால் நாங்கள் மூன்று பேர். மகளின் தலையிலிருந்து தண்ணீர் என் தோளில் சொட்டியது.

"அப்பா."

"என்ன?"

"அன்னைக்கு நான் விழுந்தப்ப, செத்துட்டேன்னு நெனச்சியளா?"

மனைவி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எத்தனையோ நாளாகக் காத்திருந்த கேள்வி வந்துவிட்டது. ஆனால் என் வாயில் முதலில் வந்தது அதற்கான பதில் இல்லை. "இத அத்தைட்ட கேட்டியா?" என்றேன்.

"ம்."

அதே பழைய பொறாமை. "என்ன சொன்னாவ?"

"தெரியாதுட்டி, அத உங்க அப்பாட்டல்லா கேக்கணும்னாவ."

அவர் தெரியாது என்று சொல்லி நான் கேட்டதில்லை. எதையும் டாக்டர் வரை கொண்டுபோய்ப் பதில் வாங்கிவருபவர், இந்த ஒன்றை எங்கும் கொண்டுபோகாமல் திருப்பி அனுப்பியிருக்கிறார்.

"நெனச்சேன்" என்றேன்.

"ரொம்ப நேரமா?"

"நீ கண்ணு முழிக்கிறவரைக்கும்."

"அழுதியளா?"

"பெறகு அழுதேன். மோட்டார் ரூம்ல போய்."

"ஏன் மோட்டார் ரூம்?"

"மோட்டார் சத்தத்துல கேக்காதுல்லா."

"தண்ணி நெறைஞ்சு வழிஞ்சிருக்குமே?"

வழிந்தது. அதையும் சொன்னேன். அடுத்ததைக் கேட்டாள், அதற்கும் அடுத்ததைக் கேட்டாள். கார் இலத்தூர் விலக்கில் திரும்பும்வரை கேட்டுக்கொண்டே வந்தாள்.

அந்த வருஷமே இலத்தூரம்மாவின் கணவருக்கு வடக்கே குவார்ட்டர்ஸ் கிடைத்து அவர்கள் குடும்பத்தோடு போய்விட்டார்கள். பெஞ்சில் இப்போது யாரும் பக்கத்து ஆளிடம் அப்படிக் கேட்பதில்லை. என் மகளிடம் அவர் போன் நம்பர் இருக்கிறது, என்னிடம் இல்லை. அவர் என்றதும் எனக்கு அந்தக் கார்தான் நினைவுக்கு வரும். முன் சீட்டில் ஈரச் சேலையோடு நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவ்வளவு கேள்வியும் காதில் விழுந்தும், அவர் வாயைத் திறக்காமல் வந்தது அந்த ஒரு தடவைதான்.